நெடும்பாறையின் நாற்பது சில்லுகள்

நெடும்பாறைத் தீவின் நாற்பது கல்சில்லுகள் இருந்த மரப்பெட்டியை அமலோற்பவம் மறுபடி திறந்தபோது, அதை அவள் மூடி வைத்துப் பத்தொன்பது வருடமும் பத்து மாதமும் ஆகியிருந்தன. சந்தேகம் எதுவும் வந்து திறக்கவில்லை. ஆணையம் புதிதாக எண்ணும் இயந்திரம் ஒன்றை வாங்கியிருந்தது. அதைப் பழக்கப் பழைய சில்லுகள் தேவைப்பட்டன. யாரும் சண்டைக்கு வராத, முடிந்துபோன வழக்காகப் பார்த்து எடுங்கள் என்று இயக்குநர் சொல்லியிருந்தார். நெடும்பாறையைவிட அமைதியாக முடிந்த வழக்கு அந்தக் கட்டடத்தில் வேறு இல்லை.

தூத்துக்குடித் துறைமுகச் சாலையில் பழைய உப்புக் கிடங்கு ஒன்றைத் தட்டிக் கொட்டி ஆணையத்தின் ஆய்வகமாக்கியிருந்தார்கள். கீழ்த்தளத்தில் கடலடியிலிருந்து துளைத்தெடுத்த கல் உருளைகள் அடுக்கடுக்காகக் கிடக்கும். மாடியில் இரண்டு அறைகள். ஒன்றில் மணலை எண்ணுவார்கள். மற்றதில் மனிதப் பற்களைச் சோதிப்பார்கள். அதற்குப் 'பல்லறை' என்று யாரோ பெயர் வைத்துவிட்டார்கள். மேலிடத்திலிருந்து இரண்டு முறை சுற்றறிக்கை வந்தும் அந்தப் பெயர் போகவில்லை.

எல்லாம் மூல மண் ஒப்பந்தத்தால் வந்தது. ஆறுகள் மலையிலிருந்து மணலை இழுத்துக்கொண்டு கடலுக்கு வருகின்றன. அந்த மணல் கடலடிச் சரிவில் வழிந்து இறங்கி, ஆழத்தில் ஒரு விசிறிபோல விரிந்து படிகிறது. கோடிக்கணக்கான வருடங்களில் அது இறுகி மணற்கல்லாகிறது. அடியில் இருக்கும் நிலத்தட்டு நகரும்போது விசிறியும் சேர்ந்து நகர்கிறது. பிறந்த ஆற்றை ஆயிரம் மைலுக்கு அப்பால் விட்டுவிட்டு, வேறொரு நாட்டின் வாசலில் போய்த் தலையை நீட்டுகிறது. கடல் ஏறிக் கரைகள் முழுக ஆரம்பித்த பிறகு, அப்படித் தலைநீட்டிய மேடு ஒவ்வொன்றுக்கும் இரண்டு மூன்று நாடுகள் போட்டியிட்டன. போர்க்கப்பல்கள் கிளம்புவதற்கு முன்னால் யாரோ ஒரு நல்ல மனிதர் யோசனை சொன்னார். மணல் எந்த நாட்டு மலையிலிருந்து வந்ததோ அந்த நாட்டுக்கே மேடு. எந்தெந்தத் தாது எவ்வளவு என்று எண்ணினால் பிறந்த இடம் தெரிந்துவிடும். மணல் லஞ்சம் வாங்காது. எல்லா நாடுகளும் கையெழுத்துப் போட்டன.

சில வருடங்களில் அதே வழி மனிதர்களுக்கும் வந்தது. முழுகிய ஊர்க்காரர்களிடம் காகிதம் எதுவும் மிஞ்சவில்லை. எந்த ஊர் என்று கேட்டால் வாயால்தான் சொல்ல முடிந்தது. சிறு வயதில் குடித்த தண்ணீரும் தின்ற சோறும் விளைந்த மண்ணின் அடையாளத்தைப் பல்லில் விட்டுவிடுகின்றன என்று தெரிந்ததும், வாய்ச்சொல்லைக் கேட்பதை விட்டுவிட்டுப் பல்லைக் கேட்டார்கள்.

மணலானாலும் பல்லானாலும் ஒரு விதி பொது. ஒற்றைக் கணக்கு செல்லாது. இரண்டு கணக்கு ஒத்துப்போக வேண்டும்.

நெடும்பாறைக்கு இரண்டு பேர் கேட்டிருந்தார்கள். இந்தியாவும், கிழக்குக் கரை நாடும். தக்காணத்து ஆறுகளின் மணலில் எரிமலைப் பாறைத்துண்டு அதிகம். கிழக்கு மலைகளின் மணலில் அது குறைவு. நூற்றுக்கு இருபதுக்கு மேல் இருந்தால் மேற்கு, குறைந்தால் கிழக்கு என்று நடுவர் மன்றம் கோடு போட்டுக் கொடுத்தது. இந்தியத் தரப்பில் எண்ணியவள் அமலோற்பவம். இருபத்து மூன்று புள்ளி ஒன்று. கிழக்குத் தரப்பில் எண்ணியவன் காத்தமுத்து. இருபத்திரண்டு புள்ளி எட்டு. எதிரெதிர்த் தரப்புகளிடையே இவ்வளவு நெருங்கிய உடன்பாட்டைத் தாங்கள் கண்டதில்லை என்று மன்றம் தீர்ப்பிலேயே எழுதியது. ஆறே மாதத்தில், கடல் தின்ற மூன்று ஊர்களின் சனம் ஆறாயிரம் பேர் நெடும்பாறைக்குக் கப்பலேறினார்கள். அமலோற்பவத்தின் தங்கை லூர்துவும் அவள் புருசன் சகாயமும் அதில் இருந்தார்கள்.

இயந்திரம் நாற்பது சில்லுகளையும் எண்ண நாற்பது நிமிடம் எடுத்துக்கொண்டது. திரையில் வந்த எண் பதினாறு புள்ளி இரண்டு.

புதுச் சாமான், கோளாறாக இருக்கும் என்றுதான் அவள் நினைத்தாள். வேறு மூன்று பெட்டிகளைக் கொடுத்துப் பார்த்தாள். மூன்றிலும் பழைய கணக்கும் இயந்திரத்தின் கணக்கும் அரை சதவீதத்துக்குள் நின்றன. நெடும்பாறையை மறுபடி கொடுத்தாள். மறுபடியும் பதினாறு.

அவள் நாற்காலியை இழுத்து, பழைய நுண்நோக்கியின் முன் உட்கார்ந்தாள். முதல் சில்லைச் செருகினாள். காகிதத்தைவிட மெல்லியதாகத் தேய்த்த கல், கண்ணாடியில் ஒட்டியிருக்கும். தட்டு ஒவ்வோர் அடியாக நகரும். நிற்கும் இடத்தில் குறுக்குக் கம்பியின் நடுவில் எது இருக்கிறதோ அதற்குரிய விசையை அமுக்க வேண்டும். ஆள்காட்டி விரலுக்குக் குவார்ட்ஸ் தாது, நடுவிரலுக்கு ஃபெல்ட்ஸ்பார் தாது, மோதிர விரலுக்குப் பாறைத்துண்டு. ஒரு சில்லுக்கு ஐந்நூறு நிறுத்தம்.

எழுபத்தொன்றாவது நிறுத்தத்தில் எரிமலைப் பாறைத்துண்டு ஒன்று வந்தது. அதற்குள்ளே மணல் அளவுக்குப் பெரிதாக ஒரு ஃபெல்ட்ஸ்பார் படிகம். கம்பி விழுந்தது படிகத்தின் மேல். அவள் நடுவிரலை அமுக்கினாள். அதற்கு ஒரு கணம் முன்னதாக, மோதிர விரல் லேசாக அசைந்தது.

அவள் கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

மணலை எண்ணுவதில் இரண்டு வழக்கம் உண்டு. பழைய வழக்கத்தில், படிகம் பாறைத்துண்டுக்குள் இருந்தால் அதுவும் பாறை. புதிய வழக்கத்தில், கம்பி எதன்மேல் விழுகிறதோ அதுதான் அது. படித்த காலத்தில் பேராசிரியர் அவளுக்குப் பழக்கிக் கொடுத்தது பழையது. ஒப்பந்தத்தின் எண்ணும் விதி புதியதைத்தான் ஏற்றது. இருபது சதவீதக் கோட்டைப் போட்டதும் புதிய வழக்கத்தை வைத்துத்தான். நெடும்பாறை அந்த விதியின் கீழ் வந்த முதல் வழக்கு. விதியை அவள் படித்திருந்தாள். கையெழுத்தும் போட்டிருந்தாள். மோதிர விரல் படித்திருக்கவில்லை.

அன்று சாயங்காலத்துக்குள் பத்துச் சில்லுகளை வேண்டுமென்றே பழைய வழக்கத்தில் எண்ணிப் பார்த்தாள். இருபத்து மூன்று வந்தது.

இயக்குநர் தாட்சாயணி சென்னைக்காரர். சட்டம் படித்தவர். கல்லைப் பற்றித் தனக்கு ஒன்றும் தெரியாது என்பதை முதல் நாளே சொல்லிவிட்டவர். அமலோற்பவம் இரண்டு தாள்களை அவர் மேசையில் வைத்தாள்.

"புரியற மாதிரி சொல்லுங்க மேடம்" என்றார் தாட்சாயணி. "மிக்சர் பொட்டலத்த எண்றோம்னு வெச்சுக்குங்க."

"அப்படியே வச்சுக்கிடுவோம். மிக்சர்ல கடலையும் கெடக்கு, காராபூந்தியும் கெடக்கு. ஒரு கடலை பூந்தி மாவுக்குள்ள ஒட்டிக்கிட்டு இருக்கு. அது கடலையா, பூந்தியா?"

"கடலை ஒட்டின பூந்தி."

"அப்படி ஒரு விசை கிடையாது. பூந்தின்னு சொல்லுதது பழைய பழக்கம். கடலைன்னு சொல்லுதது ஒப்பந்தம். நான் பூந்தின்னு எண்ணிட்டேன்."

தாட்சாயணி தாளையே பார்த்துக்கொண்டிருந்தார். "அந்தக் கடலை எங்கேருந்து வந்துச்சு? அதுவும் நம்ம எரிமலையிலேருந்துதானே?"

"ஆமா. பாறையோட சேந்துதான வந்திருக்கு."

"அப்ப உண்மையில அந்த மணல் நம்மோடதா, அவங்களோடதா?"

"அது மணலுக்குத்தான் தெரியும். நூத்துக்கு எத்தனைன்னு சொல்லத்தான் எனக்குச் சம்பளம். விதிப்படி பதினாறு."

"அவங்க ஆளும் இருபத்திரண்டுன்னு எழுதியிருக்காரே?"

"அவரும் தூத்துக்குடியிலதான் எங்கூடப் படிச்சாரு. அதே வாத்தியார், அதே பெஞ்சி. ரெண்டு பேரும் ஒண்ணு போல தப்புப் பண்ணுனோம். அதைத்தான் உடன்பாடுன்னு எழுதிட்டாங்க."

தாட்சாயணி நாற்காலியில் சாய்ந்தார். இருபது வருடம் முடிந்த தீர்ப்பை யாரும் திறக்க முடியாது என்பது ஒப்பந்தத்தின் பதினெட்டாம் பிரிவு. அதற்கு இன்னும் அறுபத்திரண்டு நாள் இருந்தது. இருவருக்கும் அது தெரியும். முதலில் சொன்னது இயக்குநர்தான்.

"நீங்க எழுத்துல குடுத்தா நான் வாங்கிக்கணும். வேற வழியில்ல. எழுதலேன்னா நான் கேக்க மாட்டேன். இந்த ரெண்டு தாளும் இயந்திரம் பழக்கினப்போ வந்த குப்பை. அப்படித்தான் நான் பார்த்தேன்." பிறகு, தாள்களை அவள் பக்கமாகத் தள்ளிவிட்டு, "உங்க தங்கச்சி அங்கதானே இருக்காங்க?" என்றார்.

"ஆமா."

"அதுக்காகச் சொல்லல."

அன்று அமலோற்பவம் காத்தமுத்துவைக் கூப்பிட்டாள். அவன் அவளைவிட இரண்டு வயது சின்னவன். நான்கு தலைமுறைக்கு முன்னால் நெல் அறுக்கக் கிழக்குக் கரைக்குப் போன குடும்பம். அந்த நாட்டு அரசாங்கம் அவனைத் தூத்துக்குடிக்கு அனுப்பி மூன்று வருடம் படிக்கவைத்தது. சில்லு தேய்க்கத் தெரியாமல் ஆரம்பத்தில் பன்னிரண்டு கல்லைத் தேய்த்தே காணாமல் போக்கினவன். கோவில்பட்டிக் கடலைமிட்டாயைக் கடித்துக் கடைவாய்ப் பல்லின் மூலையை உடைத்துக்கொண்டான். பழைய பேருந்து நிலையத்துப் பக்கத்தில் இருந்த பல் டாக்டரிடம் அவள்தான் கூட்டிப்போய் வெள்ளி அடைத்துக்கொண்டு வந்தாள். பத்து வயது வரை தின்றது உங்கள் ஊர்க் கப்பல் அரிசி, குடித்ததும் கப்பல் தண்ணீர், அதனால்தான் உங்கள் ஊர் மிட்டாயிடம் தோற்றேன் என்று வாயைப் பொத்திக்கொண்டே சிரித்தான். புயலடித்து அவர்கள் பக்கத்து வயலும் கிணறும் உப்பாகிக் கிடந்த, தூத்துக்குடியிலிருந்து நிவாரணக் கப்பல் போன வருடங்களைச் சொன்னான்.

"அமலாக்கா! குரல் கேட்டு எத்தனை நாளாச்சு. கல்லு விஷயமா, பல்லு விஷயமா?"

"கல்லுதான் தம்பி. நெடும்பாறை."

மறுமுனையில் அவன் கதவைச் சாத்தும் சத்தம் கேட்டது.

"மோதிர விரலா?" என்றான் காத்தமுத்து.

"எப்ப தெரியும்?"

"பதினோரு வருஷமாச்சு. புதுப் பசங்களுக்குப் பாடம் எடுக்கையில பழைய சில்லை வெச்சு எண்ணிக் காமிச்சேன். ஒரு பொண்ணு, சார் உங்க எண்ணிக்கை தப்புன்னுச்சு. நீதான் தப்புன்னு சொல்லி உக்கார வெச்சுட்டேன்."

"ஏன் சொல்லல?"

"யாருக்கிட்டக்கா சொல்ல? எம் பேரு காத்தமுத்து. நாலு தலைமுறையா இங்கதான் பொறக்குறோம், இங்கதான் எரியுறோம். ஆனா நான் தப்பா எண்ணி, அந்தத் தப்பால தீவு உங்க பக்கம் போச்சுன்னா, அதைத் தப்புன்னு ஒருத்தன் நம்புவானா? நீங்க பண்ணினா கைத்தப்பு. நான் பண்ணினா ரத்தம் பேசிருச்சும்பாங்க."

அவள் எதிரே கிடந்த சில்லை எடுத்துப் பெட்டியில் வைத்தாள்.

"அந்தத் தீவுக்குன்னு உங்க பக்கமும் ஆளுங்க இருந்தாங்களே, அவங்க?"

"முகாம்லதான். நாலாயிரத்துச் சொச்சம். சேத்துக்கு மேல மூங்கில் பரண் போட்டு உக்காந்திருக்காங்க. வருஷா வருஷம் போய்ப் பாத்துட்டு வருவேன். போகாம இருக்க முடியல. பள்ளிக்கூடச் சுவத்துல நெடும்பாறை படம் எழுதி வெச்சிருக்காங்கக்கா. பாத்ததே இல்ல, ஆனா சரியா எழுதியிருக்காங்க, அந்த வடக்கு மூக்கு உட்பட."

"நான் இத எழுதிக் குடுத்தா உங்க கணக்கும் வெளிய வருமே."

"வரும்."

"என்ன செய்யச் சொல்லுதீங்க?"

"நான் ஒண்ணும் சொல்லல. பதினோரு வருஷம் சொல்லாதவன், இப்ப என்ன சொல்லப் போறேன்?" பிறகு, "எழுதினா நேரா எழுதுங்க. என்னைக் காப்பாத்துறேன்னு வளைச்சு நெளிச்சு எழுதாதீங்க. அது இன்னும் மோசமாப் போகும்" என்றான்.

மாதா கோயில் திருவிழாவுக்காக அடுத்த வாரமே லூர்து வந்தாள். நெடும்பாறையிலிருந்து கப்பலில் ஐந்து நாள். ஒரு கூடை நிறையக் கருவாடும், ஐந்து லிட்டர் கேன் ஒன்றில் தண்ணீரும் கொண்டுவந்தாள். தண்ணீரையா சுமந்து வருவாள் ஒருத்தி என்று சகாயம் வழியனுப்பும்போது கேலி செய்தானாம்.

"குடிச்சுப் பாருக்கா. ஒங்க குழாய்த் தண்ணி மாதிரி இரும்பு நாத்தம் அடிக்காது. கல்லுக்குள்ளருந்து வடிஞ்சு வருது. அஞ்சலை இந்தத் தண்ணிதான், வேற தண்ணியக் குடிச்சா வயிறு வலிக்குன்னு நடிக்கா."

லூர்துவின் மகள் அஞ்சலை தீவில் பிறந்தவள். பதினேழு வயது. பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டு அப்பாவோடு வலைக்குப் போகிறாள் என்று லூர்து புகாரும் பெருமையுமாகச் சொன்னாள். கோயில் கோபுர வேலை முடிந்துவிட்டதாம். அத்தனையும் தீவுக் கல். மழை பெய்தால் கல் தேன் நிறத்துக்கு மாறுமாம்.

அமலோற்பவம் தம்ளரைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னாள். எதையும் சுற்றிவளைக்கவில்லை. பெட்டியைத் திறந்தது, பதினாறு வந்தது, அறுபத்திரண்டு நாள் இப்போது ஐம்பத்து மூன்றாகியிருப்பது, தீர்ப்பு மாறினால் பதினெட்டு மாதத்தில் தீவைக் காலி செய்ய வேண்டும் என்பது, எல்லாம்.

லூர்து கருவாட்டை ரகம் பிரித்துக்கொண்டிருந்தாள். கை நிற்கவில்லை.

"அம்பத்து மூணு நாள் வாயப் பொத்திக்கிட்டு இருக்க ஒனக்கு முடியாதாக்கும்?"

"முடியும்."

"பெறகு?"

"அந்தப் பக்கம் நாலாயிரம் பேரு பரண்ல இருக்காவ லூர்து. இருவது வருசமா. என் கையாலதான்."

"அவியள ஒனக்குத் தெரியுமா?"

"தெரியாது."

"என்னயத் தெரியும்லா?" லூர்து இப்போதுதான் நிமிர்ந்தாள். "நீ தப்பா எண்ணுன. சரி. ஒரு மனுசி கை தப்பும். அதுக்கு நீ போயி நில்லு, வேலையப் போக்கு, செயிலுக்குப் போ. நாங்க எதுக்குட்டி கப்பலேறணும்? அம்மைய அங்கதான் பொதச்சிருக்கு. அவளத் தோண்டி எடுத்துட்டு வரவா? எந்த மண்ணுன்னு அவ பல்லயும் எண்ணுவியா?"

அக்காவை 'ட்டி' போட்டு அவள் பேசியது அதுவே முதல் தடவை. இரண்டு பேருமே அதைக் கவனித்தார்கள். தங்கையின் நியாயத்தையும் கேட்டுவிட்டால் மனது லேசாகும் என்று அமலோற்பவம் நினைத்திருந்தாள். அது இன்னும் கனத்தது.

சப்பரம் பார்க்காமலே லூர்து மறுநாள் கப்பலேறினாள். கருவாட்டுக் கூடையை மட்டும் விட்டுவிட்டுப் போனாள்.

பன்னிரண்டு நாள் அமலோற்பவம் எதுவும் எழுதவில்லை. அலுவலகம் போனாள், வந்தாள். இயந்திரத்துக்கு வேறு பெட்டிகளைக் கொடுத்துப் பழக்கினாள். பதின்மூன்றாம் நாள், கிழக்குக் கரை முகாமின் பள்ளிக்கூடப் படம் ஒன்றை ஆணையத்தின் கோப்புகளில் தேடி எடுத்தாள். காத்தமுத்து சொன்னது சரிதான். சுவர் முழுக்க நெடும்பாறை. வடக்கு மூக்குக்குக் கீழே ஒரு கோயில் மாதிரி எதையோ வரைந்திருந்தார்கள். உண்மையிலும் அந்த இடத்தில்தான் கோயில் இருந்தது, தங்கை ஊர்க்காரர்கள் கட்டியது. படத்தை மூடிவிட்டு, ஒரு பக்கத்தில் அடங்கும்படி அறிக்கையை எழுதினாள். 'எண்ணியதில் தவறு என்னுடையது' என்று தொடங்கியது அது. தாட்சாயணி வாங்கிக்கொண்டு தேதி முத்திரை போட்டார். முத்திரை இரண்டு தடவை வழுக்கியது.

அதற்குப் பிறகு நடந்தவை செய்தித்தாள்களில் வந்தவைதான். மூன்றாவது நாட்டுக்காரர்கள் இரண்டு பேர் சில்லுகளை எண்ணினார்கள். பதினாறு புள்ளி ஐந்து, பதினாறு புள்ளி நாலு. தீவு கிழக்குக்குப் போனது. முகாமிலிருந்து நாலாயிரம் பேர் போய் இறங்கினார்கள். அங்கிருந்த கோயில் யாருக்கு என்று அவர்களுக்குள்ளேயே தகராறு வந்ததாகவும் பிறகு சமாதானமானதாகவும் கேள்வி. தீவில் பிறந்து, அங்கேயே தண்ணீர் குடித்து வளர்ந்த பிள்ளைகள் பல் விதிப்படி தீவின் மண்தான் என்று ஆனது. விரும்பியவர்கள் இருக்கலாம். அஞ்சலை இருந்துவிட்டாள். லூர்துவும் சகாயமும் தூத்துக்குடிக்கு வந்து, வேறு வீடு கிடைக்காததால் அமலோற்பவத்தின் வீட்டு மாடியில் ஏறினார்கள்.

முதல் இரண்டு மாதம் லூர்து பேசவில்லை. பிறகு பேச ஆரம்பித்தாள். எல்லாம் திட்டுதான். சாம்பாரில் உப்பு எண்ணிப் போட்டியா என்பாள். மாத்திரை டப்பாவை நீட்டினால், நீ எண்ணுனதா, வேண்டாம், நானே எண்ணிக்கிடுதேன் என்பாள். அமலோற்பவத்துக்கு அதுவே பெரிய ஆறுதலாக இருந்தது.

அவளுடைய எண்ணுநர் சான்றிதழ் ரத்தானது. ஓய்வு பெற இரண்டு வருடம் இருந்ததால் வீட்டுக்கு அனுப்பாமல் பல்லறைக்கு மாற்றினார்கள். வாசிப்பது இயந்திரம். பல்லைச் சீவிச் சில்லாகத் தேய்த்துக் கொடுப்பதும், படிவத்தில் கையெழுத்துப் போடுவதும் அவள் வேலை. ஒரு பல்லிலிருந்து இரண்டு சில்லு, இரண்டு வாசிப்பு. ஒப்பந்தம் போட்ட எல்லா நாடுகளிலிருந்தும் பல் வரும்; யாருடையது என்று யாருக்கும் தெரியாது, எண் மட்டும் இருக்கும். ஒருவரிடம் ஒரு பல்லுக்கு மேல் பிடுங்கக் கூடாது. கணக்கு கிடைக்காதவரை அவர் வாழும் மண்ணின் ஆளாகவே கருத வேண்டும். பல் விதியில் ஈரம் இருந்த பிரிவுகள் இவை இரண்டுதான்.

காத்தமுத்துவின் மேல் விசாரணை நடப்பதாக மட்டும் தெரிந்தது. அவன் கூப்பிடவில்லை. அவள் கூப்பிட்டால் அவனுக்குத்தான் கெடுதல் என்பதால் அவளும் கூப்பிடவில்லை.

மார்கழியில் ஒரு செவ்வாய்க்கிழமை காலை, 4417 என்று எண் ஒட்டிய டப்பா வந்தது. கிழக்குக் கரை நாட்டின் முத்திரை. 'விசுவாச விசாரணை' என்று மேலே எழுதியிருந்தது. உள்ளே கடைவாய்ப் பல் ஒன்று. ஒரு மூலை உடைந்து, அதில் வெள்ளி அடைத்திருந்தது. கருத்துப்போன, பழைய, கொஞ்சம் கோணலான அடைப்பு. அவள் அதை விளக்குக்குக் கீழே திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

வழக்கம்போல ஓரத்தில் சீவி முதல் சில்லைத் தேய்த்தாள். இயந்திரத்தில் வைத்தாள். அது வாசித்து, வரைபடத்தில் ஒரு புள்ளியைப் போட்டது. புள்ளி கிழக்குக் கரையில் விழவில்லை. தாமிரபரணிப் பக்கமாக விழுந்தது.

அதில் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை. பத்து வயது வரை கப்பல் அரிசி, கப்பல் தண்ணீர். பல்லுக்குத் தின்றதைத்தான் சொல்லத் தெரியும். யார் அனுப்பினார்கள், ஏன் அனுப்பினார்கள், தின்றவன் எங்கே நின்று தின்றான் என்பதெல்லாம் அதற்குத் தெரியாது. படிவத்திலும் அதற்கு இடமில்லை. இரண்டு கட்டங்கள் இருந்தன: இம்மண், வேற்று மண். அதன் கீழே சின்னதாகக் குறிப்பு எழுத ஒரு வரி.

அமலோற்பவம் கதவுப்பக்கம் பார்த்தாள். பல்லறையில் அவள் மட்டும்தான். கண்ணாடித் தட்டில் தேய்ப்புப் பொடியைக் கொட்டினாள். நாலு சொட்டுத் தண்ணீர் விட்டாள். மீதிப் பல்லை இரண்டாம் சில்லுக்காகப் பிடித்துத் தேய்க்க ஆரம்பித்தாள். சரியான கனத்துக்கு வந்தபோது கைக்கு அது தெரிந்தது. முப்பது வருடக் கை. எங்கே நிறுத்த வேண்டும் என்று விரலே சொல்லும். இந்த முறையும் சொன்னது. அவள் நிறுத்தவில்லை. எட்டு வடிவில் சுற்றிச் சுற்றித் தேய்த்துக்கொண்டே இருந்தாள். வெள்ளி அடைப்பு மட்டும் ஒரு கடுகு அளவுக்குத் தனியாகக் கழன்று தட்டில் உருண்டது. மற்றது வெள்ளைக் குழம்பாகி, அதுவும் கழுவுத்தொட்டியில் போய்விட்டது.

படிவத்தில் இரண்டு கட்டங்களையும் விட்டுவிட்டு, குறிப்பு வரியில் எழுதினாள்: 'இரண்டாம் சில்லு தேய்க்கும்போது மாதிரி முழுதும் தேய்ந்துபோனது. ஒற்றை வாசிப்பு செல்லாது. தவறு என்னுடையது.'

தாட்சாயணி படித்தார். அவளை ஒருமுறை பார்த்தார். "இதெல்லாம் புதுசா வர்ற பசங்க பண்ற தப்பாச்சே மேடம்" என்றார்.

"வயசாகுதுல்லா. கை நடுங்குது."

முத்திரை இந்தத் தடவை வழுக்கவில்லை. ஓய்வூதியத்தில் இது கை வைக்கும் என்று சட்டப்படி சொல்ல வேண்டியதை இயக்குநர் சொன்னார். அமலோற்பவம் தலையாட்டிவிட்டு வந்தாள்.

வீட்டில் லூர்து படியில் உட்கார்ந்து வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். அக்காவின் கையைப் பார்த்தாள். நகக்கண்ணில் இன்னும் வெள்ளையாக ஏதோ ஒட்டியிருந்தது.

"என்ன, மூஞ்சி ஒரு மாதிரி இருக்கு?"

"ஆபீசுல ஒரு தப்புப் பண்ணிட்டேன்."

"இன்னொண்ணா?" லூர்து கத்தியைக் கீழே வைத்தாள். "இந்தத் தடவை எத்தன பேரக் கப்பல் ஏத்துன?"

"ஒருத்தரயும் இல்ல."

லூர்து நகர்ந்து, படியில் இடம் விட்டாள்.

"அப்ப உக்காரு. இதையாவது ஒழுங்கா உரி."